செவலை போன ஊர்

செவலை யாருடைய நாய் என்று கேட்டால் அமராவதிபுதூரில் அந்தத் தெருக்காரர்கள் எவருக்கும் சட்டென்று பதில் வராது. காலையில் மீரான் சாகிபின் கோழிக்கடை வாசலில் கிடக்கும். வெயில் ஏறியதும் செந்தாமரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகாரக் கொட்டகைக்கு வந்து, விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஈரமண்ணைப் பறித்துக்கொண்டு படுக்கும். பொழுது சாய்ந்தால் தெருமுனை, அங்கிருந்து பஸ் நிறுத்தம், அப்புறம் அதற்குத் தோன்றிய இடம். சோறு வைக்கிறவர்கள் ஏழெட்டு வீடுகளில் இருந்தார்கள். என் நாய் என்று சொல்லிக்கொண்டவர் யாருமில்லை. எவரையாவது கடித்துவிட்டால் மட்டும், "ஒங்க வீட்டுலதான் அது தின்னுட்டுத் திரியுது" என்று ஆளாளுக்குக் கைகாட்டிக்கொள்வார்கள்.

கடித்தும் இருக்கிறது. சிலிண்டர் போட வந்த ஆளை ஒரு தடவை. மீரான் சாகிபையே ஒரு தடவை. அவர் வண்டியை விட்டு இறங்கும்போது இருட்டில் வாலை மிதித்துவிட்டார், அது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஊசி போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அதற்கு ஒரு தோல் துண்டுகூட எறியவில்லை. கண்ணில் பட்டபோதெல்லாம் ஏசினார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்து, எப்போதும் போலக் கோழிக் கழுத்து ஒன்றை எடுத்துப் போட்டார். "மிதிச்சா அது என்ன செய்யும், சலாமா சொல்லும்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்துபோனது.

செந்தாமரைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு பலகாரக் கடைக்குச் சீப்புச்சீடையும் மணகோலமும் தேன்குழலும் போட்டுக் கொடுக்கிறாள். அரிசி மாவும் வறுத்த உளுந்து மாவும் கலந்து, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, சீப்பு அச்சில் பட்டையாய்ப் பிழிந்து, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி ஒட்டி எண்ணெயில் விடவேண்டும். சுற்றிச் சுற்றி அவளுடைய சுட்டுவிரல் நுனி வழவழவென்று ரேகை அழிந்து கிடக்கும். புருஷன் கருத்தையா சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வைத்து, ஆத்தங்குடியிலிருந்து தரைக்கற்களை ஏற்றிக் கட்டட வேலை நடக்கும் ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர். ஒரே மகள் ரோகிணி. நர்சு படிப்புப் படித்து, கோபிநாத்தைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டாள். அவன் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பெண் குழந்தை, சௌபர்ணிகா.

குழந்தைக்குக் காது குத்த எல்லோரும் வந்திருந்தபோதுதான் இது ஆரம்பித்தது. நாலு வயதுப் பிள்ளை வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. அங்கே பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம், டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம். மூன்றாம் நாள் கொட்டகையில் செவலையைப் பார்த்தாள். அப்புறம் காலையில் எழுந்தால் "செவல, செவல" என்ற குரல்தான். அதுவும் கடை வாசலை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே திரிந்தது. காதைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஊருக்குக் கிளம்புகிற அன்று பிள்ளை தரையில் விழுந்து புரண்டாள். ரோகிணியும் சேர்ந்து அழுதாள். கோபிநாத் செல்லில் எதையோ பார்த்துவிட்டு, "கொண்டுபோகலாம் மாமா, வழி இருக்கு" என்றான்.

வழி நீளமாகத்தான் இருந்தது. தோலுக்கடியில் அரிசி போல ஒரு அடையாளச் சில்லு வைக்கவேண்டும், தடுப்பூசி போடவேண்டும், ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். அத்தனைக்கும் கருத்தையா அலைந்தார். டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க நாய் பிளேன்ல போகுது" என்று சொல்லாத நாளில்லை. தெருவே பெருமைப்பட்டது. மீரான் சாகிபின் பெண்டாட்டி அமீனா ஈரலை அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். பிளேனில் ஏற்றுகிற கூண்டுக்குள் மட்டும் அது யாருக்கும் ஏறவில்லை. கருத்தையா இழுத்துப் பார்த்தார், மீரான் சாகிபு கறியைக் காட்டிப் பார்த்தார். கடைசியில் செந்தாமரை மாவுக் கையோடு வந்து, "போடா, பாப்பாட்டப் போறே" என்றாள். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

லீட்ஸில் அதற்கு ரஸ்டி என்று பெயர் வைத்தார்கள். செவலை என்று கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வரவில்லையாம். வாராவாரம் வீடியோவில் காட்டினார்கள். குளிருக்குச் சட்டை போட்டிருந்தது. சோபாவில் படுத்திருந்தது. அதற்கென்று பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா பாடம் சொல்லிக்கொடுத்தாள். தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு ரோகிணி ஒரு சொல் சொல்வாள். எச்சில் ஒழுக ஒழுக அது தட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு சொல் சொன்ன பிறகுதான் வாய் வைக்கும். கருத்தையா கைதட்டிச் சிரித்தார். செந்தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை. "சோத்த வச்சுட்டு எதுக்குடி காக்க வைக்கிற" என்றாள்.

"அப்பத்தாம்மா கட்டுப்பாடு வரும். இங்க நாய் இஷ்டத்துக்கு இருக்க முடியாது. குரைச்சாலே பக்கத்து வீட்டுல புகார் எழுதிப் போட்டுருறாக."

"நாய்னா குரைக்காதா?"

"அதுக்குத்தாம்மா கிளாஸ்."

நாள் போகப்போக அது வீடியோவில் வருவது குறைந்தது. வந்தாலும் வாயில் மூடி போட்டிருந்தது. பதற்றத்துக்கு மாத்திரை கொடுக்கிறோம் என்றார்கள். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடந்ததாம், கதவைப் பிறாண்டியதாம். மார்கழி பிறந்த சமயம் ரோகிணி போன் பண்ணினாள். "ரஸ்டி செத்துப்போச்சும்மா. உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது.

செந்தாமரை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். தெருவில் எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "அந்தக் குளுரு நம்ம மனுசனுக்கே ஒத்துக்காது, வாயில்லா ஜீவன் என்ன செய்யும்" என்று மீரான் சாகிபு சொன்னார். அவளும் கேட்பவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

மே மாதக் கடைசியில் ரோகிணி பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். கோபிநாத்துக்கு லீவு இல்லை. கத்திரி வெயில் முடியாமல் தெரு கொதித்துக்கிடந்தது. பெட்டியைத் திறந்து சாக்லேட், சோப்பு, அப்பாவுக்கு ஒரு கடிகாரம் என்று எடுத்து வைத்தவள், கடைசியாகத் துணிக்கு நடுவிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தாள். உள்ளங்கை அகலம்தான். மேலே இங்கிலீசில் ரஸ்டி என்று செதுக்கியிருந்தது. கூடவே ஒரு களிமண் வில்லை, அதில் அதன் பாதம் பதிந்திருந்தது.

"சாம்பல்மா" என்றாள். "அங்க எரிச்சுக் குடுப்பாக. இங்கதான் கொண்டுவந்து சேக்கணும்னு நெனச்சேன்."

கருத்தையா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாயை எரித்து, பெட்டியில் போட்டு, பெயர் எழுதிக் கொடுப்பார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. "என்ன மனுசங்கடா" என்றார், கண் கலங்கி. மறுநாள் காலையில் கண்மாய்க் கரைக்குப் போனார்கள். தண்ணீர் வற்றி மண் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. கருத்தையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழி வெட்டினார். மீரான் சாகிபு கடையைச் சாத்திவிட்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். செந்தாமரை மூன்று கை மண் அள்ளிப் போட்டாள். சொந்த மாமன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. ரோகிணி அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள்.

கொட்டகையில் அப்போது கருப்பி என்ற பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. விறகு அடுக்குக்குக் கீழே நாலு குட்டிகள். கண் திறந்து, தத்தித் தத்தி வெளியே வந்து மாவுச் சட்டியை நக்குகிற பருவம். சௌபர்ணிகாவுக்கு இப்போது ஆறு வயது, வாய் நிற்பதில்லை. நாள் முழுக்க அங்கேயே கிடந்தாள். முன்னங்கால் இரண்டும் வெள்ளையாய் இருந்த ஒரு குட்டிக்கு சாக்ஸ் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

அன்று செந்தாமரைக்குப் பெரிய ஆர்டர். யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு அதிரசம் போட்டுக்கொண்டிருந்தாள். பாகு பதம் பார்க்கிற நேரம், கண்ணை எடுக்க முடியாது. பிள்ளை வெள்ளைக்கால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓட, குட்டி கத்த, கருப்பி எங்கிருந்தோ பாய்ந்து வந்து பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. செந்தாமரை கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. குட்டியைக் கீழே போட்டதும் அது விட்டுவிட்டுக் குட்டியைக் கவ்விக்கொண்டு போனது.

ரோகிணி கத்தவில்லை. பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்தாள். சோப்பைப் போட்டுக் காயத்தைத் தேய்த்துக் கழுவினாள். பிள்ளை துள்ளித் துடிக்க, காலை அசையாமல் பிடித்துக்கொண்டு கழுவிக்கொண்டே இருந்தாள். "போதும்டி, ரத்தம் நின்னுருச்சு" என்று செந்தாமரை சொன்னது அவள் காதில் விழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப்போயிருந்தது. அப்புறம் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரி. காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். பிள்ளை அலறியது வராந்தாவில் நின்ற கருத்தையாவுக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது வாசலில் மீரான் சாகிபும் அமீனாவும் காத்திருந்தார்கள். தூங்கிப்போன பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு ரோகிணி வெளியே வந்தாள்.

"அந்த நாயி இனி இங்க இருக்கக் கூடாது."

"ஆத்தா, குட்டி போட்ட நாயி" என்றார் மீரான் சாகிபு. "குட்டியத் தூக்குனா எதுவும் கடிக்கத்தான் செய்யும். டாக்டரு என்ன சொன்னாக?"

"பத்து நாளைக்கு நாயக் கவனிக்கச் சொன்னாரு."

"அம்புட்டுத்தான. கட்டிப்போட்டுப் பாப்போம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு என்ன செய்ய. அவுத்துவிட வேண்டியதுதான்."

"அவுத்துவிட்டா நாளைக்கு இன்னொரு புள்ளையக் கடிக்கும். அப்பயும் இப்படியே நின்னு பேசிக்கிட்டிருப்பீக."

செந்தாமரைக்குச் சுருக்கென்றது. "ஏன்டி அவுககிட்ட எரிஞ்சு விழுகுற. செவல கடிச்சது அவுகளத்தான. மறுவாரம் கறி எடுத்துப் போட்டாக. அந்த நாயத்தான நீயும் புள்ள மாதிரி வச்சுருந்த."

"வச்சிருந்தேன். அது கடிச்சப்ப என்ன செஞ்சேன்னு ஒனக்குத் தெரியாதுல்ல."

சொன்ன பிறகுதான் ரோகிணிக்கே அது உறைத்தது போலிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அமீனா புருஷனின் கையைத் தொட்டு, "வாங்க, கடையில ஆளு நிக்கிது" என்று கூட்டிக்கொண்டு போனாள். கடையில் யாரும் நிற்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"யாரக் கடிச்சுச்சு?" என்று கருத்தையா கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பையன. பந்து எடுக்கப் பின்பக்கம் வந்தான். கதவத் தொறந்ததும் பாஞ்சிருச்சு. கையில தையல் போட்டாக."

"திருடன்னு நெனச்சிருக்கும்."

"அங்க அப்படியெல்லாம் சொல்ல முடியாதுப்பா. போலீஸ் வந்துச்சு. நாயி என் பேருல இருக்கு, அது என்ன செஞ்சாலும் நாந்தான் செஞ்ச மாதிரி. கேஸாகிப் போனா வேலைக்கு ஆபத்து, விசாவுக்கு ஆபத்து. வீட்டு ஓனரு நாயி இருக்கக் கூடாதுன்னுட்டாரு. நாய் காப்பகம் ஒண்ணு விடாம கேட்டேன். கடிச்ச நாய எடுத்துக்க மாட்டோம்னாக."

"அதுக்கு?"

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்."

செந்தாமரை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்கவேண்டும் போலிருந்தது.

"உடம்பு சரியில்லன்னு சொன்னியே?"

"இல்லம்மா. ஊசி போட்டுத் தூங்க வச்சோம்."

"தூங்க வச்சீக."

"அங்க அப்படித்தாம்மா சொல்லுவாக. வலி இருக்காது. அன்னைக்குக் காலைல பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனோம், வாய்மூடி இல்லாம. கோழி வாங்கிக் குடுத்தோம். என் மடியிலதான் தல வச்சிருந்துச்சு. கடைசி வரைக்கும் வாலாட்டிக்கிட்டே இருந்துச்சு."

"வாலாட்டுன நாய்க்கா ஊசி போடச் சொன்ன?"

ரோகிணி வாசற்படியில் ஒட்டியிருந்த கோலமாவை நகத்தால் சுரண்டினாள்.

"இங்க அனுப்பியிருக்கலாம்ல. ஒங்கப்பாட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கிட்டு வரணும்னாலும் வந்து நின்னுருப்பாருல்ல."

"நெனச்சேன். நெனைக்காம இல்ல. மறுபடி கூண்டுல அடைச்சு, அத்தன மணி நேரம் இருட்டுல போட்டு அனுப்பி, இங்க வந்து அது தெருவுல லாரில அடிபட்டுக் கெடந்து சாகுறதுக்கு, என் மடியில போகட்டும்னு தோணுச்சு."

"அடிபட்டுச் செத்தா அது அதோட சாவு. நீ யாருடி நாள் குறிக்க?"

"நாந்தாம்மா. அங்க அதுக்கு நான் மட்டுந்தான் ஆளு. இங்க மாதிரி தெருவே பாத்துக்கிடாது. தெரு பாத்துக்கிட்ட லச்சணமும் எனக்குத் தெரியும்." அவளுடைய குரல் ஏறிவிட்டது. "என்கூடப் பத்தாவது படிச்ச வீரலட்சுமிய மறந்துட்டியா? குட்டி நாயி பல்லு பட்டதுன்னு சொன்னா. சுண்ணாம்பத் தடவி அனுப்பினீக, நீயும்தான் நின்ன. மூணு மாசம் கழிச்சுத் தண்ணிச் செம்பப் பாத்து அலறுனாளே. அந்த நாயி எதுன்னு யாராச்சும் தேடுனீகளா? அவுக வீட்டுக்கு எழவுக்குப் போயிட்டு வந்து எல்லாரும் வழக்கம் போல நாய்க்குச் சோறு வச்சீக."

வீரலட்சுமியைக் கயிற்றுக்கட்டிலில் கட்டிக் கொண்டுபோனதைச் செந்தாமரையும் பார்த்தவள்தான்.

"கடைசில செவல சௌபியப் பாத்தும் உறுமுச்சும்மா" என்றாள் ரோகிணி, தணிந்த குரலில். "அத நான் இவர்ட்டகூடச் சொல்லல."

கொட்டகையிலிருந்து கருகிய பாகின் வாடை வந்தது.

"கண்மாய்க் கரைல குழி வெட்டச் சொன்ன" என்றாள் செந்தாமரை. "தெருவே வந்து நின்னுச்சு. என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுத."

"நான் அழுதது பொய்யாம்மா?"

"பொய்யில்ல. அதுதான் எனக்கு வெளங்கமாட்டேங்குது."

கருப்பியைத் தென்னங்கயிற்றால் கொட்டகைத் தூணில் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து கயிறு அறியாத நாய். ராத்திரியும் பகலும் ஊளையிட்டது. கழுத்து முடி தேய்ந்து புண்ணானது. பத்து நாளும் ரோகிணிதான் தூர நின்று, தண்ணீர் குடிக்கிறதா, வாயில் நுரை வருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நல்ல நாய்தான். அதற்குள் நாயைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி யார் யாருக்கோ போன் செய்து பார்த்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், யாரும் வரவில்லை.

மகளும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் பேசாமல் நடமாடுவதைக் கருத்தையாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலையில் கருப்பியை வண்டியின் பின்னால் ஏற்றினார். ஆத்தங்குடியில் கல் எடுக்கும்போது அந்தப் பட்டறைப் பக்கம் இறக்கிவிட்டு வந்தார். "அங்க சோறு திங்கிற ஆளுக நெறைய. பொழச்சுக்கிரும்" என்றார் யாரும் கேட்காமலே. வண்டி கிளம்பும்போது அது பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்ததை அவர் சொல்லவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து கை கழுவினார்.

தாய் இல்லாத குட்டிகள் விறகடியில் அடங்கிக் கிடக்கவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் வந்தன. செந்தாமரை கஞ்சித் தண்ணீரில் சோற்றைக் கரைத்து வைத்தாள். கடித்த வலியெல்லாம் சௌபர்ணிகாவுக்கு எப்போதோ மறந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கால் குட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊருக்குக் கிளம்ப நாலைந்து நாள் இருக்கும்போது ரோகிணி கொட்டகைக்கு வந்தாள். செந்தாமரை சீப்புச்சீடை சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் தானும் ஒரு பட்டையை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அம்மா, அந்த வெள்ளக்கால் குட்டி."

செந்தாமரை அடுத்த பட்டையை எடுத்தாள்.

"சௌபி சோறு திங்கமாட்டேங்குறா. ரஸ்டி விசயத்துல தப்பு எங்க நடந்துச்சுன்னா, அது வளந்த நாயி. தெருவுலயே இருந்து பழகிருச்சு. அங்க பாடம் சொல்லிக் குடுத்த அம்மா சொன்னாக, குட்டியிலேருந்தே பழக்குனா நம்ம நாயும் நல்லா வரும்னு. இங்கயே ஊசியெல்லாம் போட்டு அப்பா வச்சிருந்தா, அஞ்சாறு மாசத்துல நான் எடுத்துக்குவேன்."

"தரமாட்டேன்."

"அது ஒன் நாயி இல்லம்மா."

"யாரு நாயும் இல்ல. அதனாலதான் தரமாட்டேங்குறேன். ஒருத்தி நாயா ஆக்குனா அவ கையிலதான் அது உசுரு. ஒரு தடவ என் வாயாலயே கூண்டுல ஏத்திவிட்டுட்டேன்."

"இங்கமட்டும் என்ன வாழப்போகுது? நாலு குட்டில ஒண்ணு மிஞ்சுனா பெருசு. ஒனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்பயும் தரமாட்ட."

"தரமாட்டேன்."

ரோகிணி சுற்றிய சீடையைத் தட்டில் வைத்தாள். ஓரம் ஒட்டாமல் அது பிரிந்துகொண்டது. எழுந்து போய்விட்டாள். கிளம்புகிற அன்று காலில் விழுந்து கும்பிட்டாள், திருநீறு வாங்கிக்கொண்டாள், பலகாரப் பொட்டலங்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள். எல்லாம் முறைப்படி நடந்தது. வண்டி நகரும்போது பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்த்தாள்.

ஆடிக்காற்று தொடங்குவதற்குள் இரண்டு குட்டிகள் போய்விட்டன. ஒன்று வயிற்றுப்போக்கில் சுருண்டது, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. இன்னொன்றைச் சேவுகப்பெருமாள் என்கிற தோட்டக்காரர் காவலுக்கு என்று கேட்டு வாங்கிப் போனார். வெள்ளைக்கால் குட்டி மட்டும் கொட்டகையிலேயே தங்கியது. செந்தாமரை அதை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஆனால் சோறு வைத்தால் அது தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் பஸ் அதன் இடுப்பில் ஏறிவிட்டது. மீரான் சாகிபுதான் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். உயிர் இருந்தது. பின்பாதி நசுங்கிவிட்டது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. காரைக்குடியில் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தார்கள், ஞாயிற்றுக்கிழமை எடுக்கவில்லை. வாயில் தண்ணீர் விட்டார்கள். மஞ்சளைக் குழைத்துப் போட்டார்கள். அது கத்திக்கொண்டே இருந்தது. அமீனா காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெயில் உச்சிக்கு ஏறியது, சத்தம் நிற்கவில்லை. செந்தாமரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து ஒரு ஊசியைப் போட்டுவிட்டால் தேவலை என்று நினைத்தாள். நினைத்த மறுகணம் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்துகொண்டாள். உச்சி சாய்ந்த பிறகுதான் அது அடங்கியது.

கருத்தையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனதும் அவள் கையைக் கழுவிவிட்டு ரோகிணிக்குப் போன் போட்டாள். அங்கே காலை நேரம்.

"அந்த வெள்ளக்கால் குட்டி செத்துப்போச்சு."

"எப்படிம்மா?"

"பஸ்ஸுல அடிபட்டுருச்சு. உடனே போகல. காலைல அடிபட்டது. இப்பத்தான் போச்சு."

செந்தாமரை போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒனக்குக் குடுத்துருந்தா இருந்துருக்குமாடி?"

ரோகிணி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லிக்காட்டியிருக்கலாம்.

"தெரியலம்மா" என்றாள்.

"பிள்ளைட்டச் சொல்லிரு. போன்ல வர்றப்பல்லாம் அதத்தான் கேக்குறா" என்றாள் செந்தாமரை.

"நான் சொல்லமாட்டேன். ரஸ்டி செத்தத நாந்தான் அவகிட்டச் சொன்னேன். அந்த மூஞ்சிய இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. இத நீ சொல்லு."

வேண்டாம் என்று செந்தாமரை வாயெடுப்பதற்குள், ரோகிணி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சௌபி, கீழ வா. அம்மாச்சி பேசுறாக" என்று கூப்பிட்டது கேட்டது. மரப்படிகளில் சின்னக் கால்கள் தடதடவென்று இறங்கி ஓடிவந்தன.